தோள் குலுங்கினால் அழுகை என்றுதானா அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு என் கணவர் எழுந்து விளக்கைப் போட்டார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டிருக்கும் போல. மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்துவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, "எதுவா இருந்தாலும் காலையில பேசிக்கலாம்" என்றார்.

போர்வைக்குள்ளிருந்து முதலில் கைபேசி டார்ச்சும் அப்புறம் ஒரு புத்தகமும் வெளியே வந்தன. அதைப் பார்த்த அவர் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகமாகத் தெரிந்தது. கல்யாணமாகி 36 வருடத்தில், நான் ராத்திரியில் தனியாகச் சிரிக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பெண்பிள்ளை தோள் குலுங்கினால் அது அழுகைதான்.

இந்தக் கடிதமே அதற்காகத்தான். உங்கள் ஞாயிறு இணைப்பை நான் விடாமல் படிப்பவள். அதில் நகைச்சுவை நடிகை யாரைப் பற்றிக் கட்டுரை வந்தாலும் தலைப்பிலேயே ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கும். ஊரைச் சிரிக்க வைத்தவர் உள்ளுக்குள் அழுதார் என்று ஆரம்பித்து, வறுமை, ஏமாற்றிய கணவர், கடைசிக் காலத் தனிமை என்று வரிசையாகப் போகும். படித்து முடிக்கும்போது அவர் எத்தனை துன்பப்பட்டார் என்பது தெரியும். எப்படிச் சிரிக்க வைத்தார் என்பது மட்டும் தெரியாது. ஆண் நகைச்சுவை நடிகர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் டைமிங், உடல்மொழி, வசனம் பேசும் பாணி என்று தொழிலைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும், தப்பாக நினைக்க வேண்டாம்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். மகள் வீடு மாறியபோது எங்களிடம் போட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் கிடைத்தது. மிண்டி கேலிங் என்கிற அமெரிக்க நகைச்சுவை நடிகை 2011இல் எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'நான் இல்லாமல் எல்லோரும் ஒன்றாகக் கூடிக் கும்மாளம் போடுகிறார்களா?' என்று வரும். அந்தத் தலைப்பைப் பார்த்துத்தான் கையில் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு என் பழைய அலுவலகப் பிரிவுக்காரர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று தினமும் ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கிறவள் நான். அந்தப் பொறாமையைப் பகிரங்கமாக அட்டையிலேயே போட்ட ஒருத்தி இருக்கிறாள் என்றால் படிக்காமல் எப்படி?

கேலிங் என்ற பெயரைக் கண்டு ஏதோ வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்தேன். முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம்! அப்பா தமிழர், கட்டடக்கலைஞர். அம்மா வங்காளி, மகப்பேறு மருத்துவர். இருவரும் சந்தித்துக்கொண்டது நைஜீரியாவில். 1979இல் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள், அதே வருடம் இவர் பிறந்தார். 'மோர்க் அண்ட் மிண்டி' என்கிற தொலைக்காட்சித் தொடரின் நாயகி பெயர் பிடித்துப்போய் மகளுக்கு வைத்திருக்கிறார்கள். பிற்பாடு நியூயார்க்கில் இவர் மேடையேறித் தனியாக நின்று ஜோக் சொல்கிற ஸ்டாண்ட்-அப் செய்யத் தொடங்கியபோது, அறிமுகம் செய்கிறவர்கள் 'சொக்கலிங்கம்' என்று சொல்லத் தெரியாமல் திணறி, அதையே ஒரு ஜோக்காக்கியிருக்கிறார்கள். வந்த கூட்டம் இவருடைய ஜோக்குக்கு முன்னால் இவருடைய அப்பா பெயருக்குச் சிரித்தால் எப்படி? முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் வெட்டிக் 'கேலிங்' ஆக்கிவிட்டார். வெட்டியதில் மிஞ்சியது நம் காதுக்குக் 'கேலி' என்று விழுவதை யாராவது அவரிடம் சொன்னார்களா, தெரியவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் என் மகள் பென்சிலால் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். நான் நாலாவதைப் போட்டேன்.

புத்தகத்தில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை என்பதுதான் அதன் அழகு. குண்டாக, படிப்பாளியாக, விளையாட்டு வராத பெண்ணாக வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் புகழோடு இருக்கிற பிள்ளைகள்தான் வாழ்க்கையில் ஜெயிக்கும் என்று எல்லாப் படங்களும் சொல்கின்றனவே, அப்படியெல்லாம் இல்லை, பள்ளியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடாதே என்று ஒரு அத்தியாயம். கல்லூரி முடித்து 2001இல் வெளியே வந்ததும் நியூயார்க்கில் தோழிகளோடு ஒரே வீட்டில் குடியிருந்து, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்து, ஆவிகளோடு பேசுவதாகச் சொல்கிற ஒருவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உதவியாளராக இருந்து, எதிலும் உருப்படாமல் போன காலத்தைத்தான் ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் பொழுது போகாமல் தோழி பிரெண்டா விதர்ஸும் இவரும் ஹாலிவுட் நடிகர்கள் மேட் டேமன், பென் ஆஃப்லெக் மாதிரி பேசி நடித்துக்கொண்டிருப்பார்களாம். அது 'மேட் அண்ட் பென்' என்கிற நாடகமாகவே ஆகிவிட்டது. அந்த இரண்டு நடிகர்களுக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்த 'குட் வில் ஹன்டிங்' கதைவசனம், அவர்கள் எழுதாமலே கூரையிலிருந்து பொத்தென்று விழுந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. தோழி மேட் டேமன், இவர் பென் ஆஃப்லெக். ஒரு தமிழ்-வங்காளிப் பெண், ஆண் உடுப்பில் ஆறடி வெள்ளைக்கார நடிகராக மேடையில் நிற்கிறாள். 2002இல் நியூயார்க் ஃப்ரிஞ்ச் நாடக விழாவில் அது எடுபட்டு, அங்கிருந்துதான் வழி பிறந்தது. மேடையில் சண்டைக் காட்சியில் தோழியின் கை நிஜமாகவே மூக்கில் பட்டு ரத்தம் கொட்டிய கதையும் உண்டு. என் கணவர் தண்ணீர் கொண்டுவந்தது நான் அந்த இடத்தில் இருந்தபோதுதான்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 31 வருடம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, எங்கள் மேலதிகாரிகள் ஒவ்வொருவரும் கோப்பைப் புரட்டுவது, தொண்டையைச் செருமுவது, "ஏம்மா, இந்தக் கூட்டல் யார் போட்டது?" என்று கேட்பது எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். மூன்று தலைமுறை அதிகாரிகள் என் கையில் இருந்தார்கள். ஒருநாள் அதில் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். திட்டவில்லை. "குடும்பப் பொண்ணு செய்யிற வேலையா இது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாள், "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு" என்று. சிரித்தாலே போச்சு என்றால், சிரிக்க வைத்தால்? அதற்குப் பழமொழியே இல்லை. அப்படி ஒருத்தி இருப்பாள் என்று பழமொழி சொன்னவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற அன்று பாராட்டுக் கூட்டத்தில் ஒன்பது பேர் பேசினார்கள். பொறுமைசாலி, அமைதியானவர், ஒரு பைசா கணக்குத் தப்பாதவர். ஒன்பது பேரில் ஆறு பேராவது என் நடிப்பைப் பார்த்துச் சாப்பாடு புரையேறியவர்கள். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பார்கள்.

அதனால்தான் 'தி ஆபீஸ்' என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றிய பகுதிக்கு வந்தபோது மெதுவாகப் படித்தேன். 2004இல் அந்தத் தொடரை நடத்திய கிரெக் டேனியல்ஸ் இவரை அதற்கு எழுத்தாளராகச் சேர்க்கும்போது இவருக்கு வயது 24. எழுத்தாளர்கள் எட்டுப் பேர், அதில் பெண் இவர் ஒருத்திதான். எழுதியதோடு கெல்லி கபூர் என்ற பாத்திரத்தில் நடிக்கவும் செய்தார். ஓயாமல் பேசுகிற, சினிமா நட்சத்திரங்கள் யார் யாரோடு சுற்றுகிறார்கள் என்பதைத் தவிர வேறெதிலும் அக்கறை இல்லாத ஒரு அலுவலகப் பெண். 2006இல் தீபாவளியை மையமாக வைத்துத் தொடரின் ஒரு எபிசோடை எழுதினார். மகள் அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

அந்த எழுத்தாளர் அறை இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் ஒரு ஜோக் சொல்ல, இன்னொருவர் அதைவிட நன்றாக ஒன்று சொல்ல, வேலை என்பதே அதுதான். சிரிப்பு வராத ஜோக்கைச் சொன்னால் மற்ற ஏழு பேர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இவர் அடங்கிப் போகிற ரகம் இல்லை. மேலே இருந்த டேனியல்ஸோடு விடாமல் வாதாடி, ஒருமுறை அவர் பொறுமையிழந்து வீட்டுக்குப் போகச் சொல்ல, இவர் நிஜமாகவே கிளம்பிப் போய், வெளியே சுற்றிவிட்டு, இவ்வளவு நல்ல வேலையை விட்டுவிட்டு எங்கே போவது என்று தானே திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்த இடம் புரியும். ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டே படியிறங்கி, டீ குடித்துவிட்டு மேலே வந்தவர்கள்தானே நாம்.

கண்ணீரே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு பத்திரிகையின் புகைப்படத்துக்காகப் போகிறார். மாட்டி வைத்திருக்கிற உடைகள் எல்லாம் ஒல்லிக்குச்சிகளுக்கானவை. இவர் அளவுக்கு இருப்பது கருநீலத்தில் மூட்டை மாதிரி ஒன்றே ஒன்று. கழிவறைக்குள் போய் அழுகிறார். அழுதுவிட்டு வெளியே வந்து, இருப்பதிலேயே ஆடம்பரமான கவுனைக் காட்டி அதுதான் வேண்டும் என்கிறார். அவருக்குப் பொருந்த முதுகுப் பக்கத்தைக் கிழித்துத்தான் ஆக வேண்டும், கிழிக்கிறார்கள். படத்தில் முன்பக்கம்தானே தெரியும்! இதையே நம் ஞாயிறு கட்டுரையாளர் எழுதியிருந்தால் அந்தக் கழிவறையிலேயே ரெண்டு பத்தி நின்றிருப்பார், தலைப்பும் அங்கேயே கிடைத்திருக்கும். இவருக்குக் கழிவறை, தையல்காரரிடம் போகிற வழியில் இருக்கிற ஒரு கதவு, அவ்வளவுதான்.

எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். பட்டியல் போடுகிற பழக்கம் அதிகம். நெருங்கிய தோழியின் உரிமைகளும் கடமைகளும், என் இறுதிச் சடங்குக்கான கண்டிப்பான நிபந்தனைகள், பின்னணி இசைக்கு ஆளாளுக்குப் பாடுகிற கரோகே இடத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறை என்று போய்க்கொண்டே இருக்கும். இறுதிச் சடங்குப் பட்டியல் பிரமாதம். மற்றவற்றில் சில, பக்கம் போதவில்லை என்று சேர்த்ததுபோல இருந்தன. அமெரிக்கப் பிரபலங்கள் பெயராகக் கொட்டுகிற பக்கங்களை நான் சத்தமில்லாமல் தாண்டிவிட்டேன். விருந்திலிருந்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நழுவிவிடுவதுதான் மரியாதை என்று ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார் இல்லையா, அந்த முறையைத்தான் அவருடைய பக்கங்களிடமே காட்டினேன். அதே 2011இல்தான் இன்னொரு அமெரிக்க நகைச்சுவை நடிகையான டினா ஃபே எழுதிய நினைவுக்குறிப்பும் வெளிவந்து பெரிய பேச்சாக இருந்தது. அதற்கு இது ஈடாகுமா என்று வாசகர் கேட்பார்கள் என்று முன்னுரையிலேயே கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு பதிலும் சொல்லிவிடுகிறார். அந்தத் தைரியத்துக்காகவே மீதியை மன்னித்தேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமானவர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. கணவன் மனைவி தியாகிகளாக இருக்க வேண்டாம், கூட்டாளிகளாக இருந்தால் போதும் என்று சொல்லித் தன் பெற்றோரைக் காட்டுகிறார். அவர்கள் ரெண்டு பேரும் தோட்டத்துச் செடிகளைப் பற்றியும் பார்க்கிற தொலைக்காட்சித் தொடரைப் பற்றியும் நாள் முழுவதும் சலிக்காமல் பேசிக்கொண்டிருப்பார்களாம். படித்துவிட்டுச் சந்தோஷமாக மகளுக்கு ஃபோன் போட்டேன். "அம்மா, அவங்க அம்மா இப்ப இல்ல, தெரியுமா?" என்றாள். புத்தகம் வெளிவந்தது 2011 நவம்பரில். 2012 ஜனவரி 30ஆம் தேதி, கணையப் புற்றுநோயில் அந்த அம்மா போய்விட்டார். மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் மிண்டி தன் சொந்தத் தொடரைத் தொடங்கினார். அதில் அவர் ஏற்ற வேடம் மகப்பேறு மருத்துவர்.

ஃபோனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்தேன். புத்தகத்துக்கு விஷயம் தெரியாது. அங்கே அந்த அம்மா இன்னும் செடியைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அன்று ராத்திரி நான் நிஜமாகவே கொஞ்சம் அழுதேன். அன்றைக்கு யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. இனி தோள் குலுங்கினால் புத்தகம்தான் என்று கணவர் முடிவு கட்டிவிட்டார்.

இதைச் சொல்வதால் என் வாதத்தை நானே கெடுத்துக்கொள்கிறேனோ என்று யோசித்தேன். கண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. அதே அமெரிக்காவில் கில்டா ராட்னர் என்று ஒரு நகைச்சுவை நடிகை இருந்தார். 'சாட்டர்டே நைட் லைவ்' என்கிற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி 1975இல் தொடங்கியபோதே அதில் இருந்தவர். சினைப்பையில் புற்றுநோய் வந்தபோது அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன் மேடைப் பாத்திரம் ஒன்று வழக்கமாகச் சொல்கிற வேடிக்கை வசனத்தையே அதற்குத் தலைப்பாக வைத்தார். 1989இல் அந்தப் புத்தகம் வந்தது, அதே வருடம் மே மாதம் 42 வயதில் இறந்துபோனார். அழுகையைச் சொல்வதா, எந்த இடத்தில் சொல்வது, அதற்குள் ஒரு ஜோக்கை வைப்பதா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. நாம் எழுதும்போது அதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறோம்.

எனக்கு வேண்டியது இதுதான். மனோரமா ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார், அது எல்லோருக்கும் தெரியும். அவர் பட்ட கஷ்டமும் உங்கள் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜில் ஜில் ரமாமணிக்கு அந்தக் குழைவான இழுவைப் பேச்சை எங்கிருந்து பிடித்தார்? யாரைப் பார்த்து? முதல்முறை அதைப் பேசிக் காட்டியபோது படப்பிடிப்புத் தளத்தில் யார் முதலில் சிரித்தார்கள்? கோவை சரளா அடிக்கிற காட்சியில் குரல் உச்சத்துக்குப் போவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துகிறாரே, அந்த நொடி ஒத்திகையில் வந்ததா, கேமரா முன்னால் வந்ததா? அடுத்த முறை எந்த நகைச்சுவை நடிகையிடம் உங்கள் நிருபர் போனாலும் இந்த மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு வரட்டும். கல்யாண வாழ்க்கையை அஞ்சாவதாகக் கேட்கலாம், நேரம் இருந்தால்.

புத்தகம் இப்போது என்னிடம் இல்லை. ஆண்கள் ஏன் இவ்வளவு மெதுவாக ஷூ மாட்டுகிறார்கள் என்று அதில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. அதை மட்டும் கணவரிடம் பிரித்துக் கொடுத்தேன். நடைப்பயிற்சிக்குக் கிளம்பிய மனிதர், ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் வெறும் சாக்ஸுமாகப் படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். இந்தக் கடிதத்தை நான் எழுதத் தொடங்கியபோது உட்கார்ந்தவர். இன்னும் எழுந்திருக்கவில்லை. முதுகு இந்தப் பக்கம் இருப்பதால் முகம் தெரியவில்லை, தோள் மட்டும் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர், உங்கள் நெடுநாள் வாசகி